பொன் தேடிச் சென்று புனல் கண்டவர்

ஆற்றைக் கண்டு மகிழாதார் உலகில் அரியர். உழவன் அதனை வயலுக்கு வேண்டுகிறான். ஓடக்காரன் போக்குவரத்துக்கு வேண்டுகிறான். புலவன் பாட்டுக்குப் பொருளாகக் கொள்கிறான். அருவியின் அழகிலே திளைத்து நின்றோர் பலர். அந்த அருவி எத்தனை கன அடி நீரை எத்தனை அடி உயரத்திலிருந்து வீழ்த்துகின்றது, வீழும்போது அதன்பாலுள்ள ஆற்றல் எவ்வளவு, அஃது எவர்க்கும் பயன்படாது பாறையில் மோதிக் கழிவதேன் என்று கணக்கிட்டோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராய் நம் ஈழநாட்டிலே தோன்றியவர், தேவபுர ஜயசேன விமலசுரேந்திர என்னும் பெரியார்.

இலங்கையின் நீர்மின்வலுவின் தந்தை என நாட்டார் அவரைப் போற்றுவர். பெயர் தெரிந்த அளவுக்கு வரலாறு தெரியவில்லை. தமிழிலே அவர் வரலாறு விரிவாக வழங்காமை ஒரு குறையெனவே எனக்குத் தோன்றுகின்றது. களனி கங்கையின் கரையிலுள்ள பேலியகொடையில் வாழும் நான், அந்த ஆற்றுக்கும் அப்பெரியாருக்கும் உள்ள தொடர்பை அறிந்த நாள்முதல் அவரைப்பற்றி மாணவர்க்குச் சொல்லி வந்திருக்கிறேன். அதனை ஈண்டுச் சற்று விரித்துரைக்க விழைகின்றேன்.

பிறப்பும் கல்வியும்

விமலசுரேந்திர 1874ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 17ஆம் நாள் தென்னிலங்கையிலுள்ள காலி நகரிலே பிறந்தார். தந்தையார் முதலியார் டொன் ஜுவான் விமலசுரேந்திர, கைவினைத் திறத்தாற் பெயர் பெற்றவர். கருவியும் கையும் ஒன்றுபட்டுப் பொருள்களுக்கு வடிவு கொடுக்கும் தொழிலைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, பொறிகளின்மீது நாட்டம் உண்டானது இயல்பே.

கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிற் பயின்றபின் அவர் தொழினுட்பக் கல்லூரியை நாடினார். 1893இலே நிறுவப்பெற்ற அக்கல்லூரி அக்காலத்தில் மிகப் புதியது. உயர்கல்வி என்றால் சட்டமும் மருத்துவமும் என்றே கற்றோர் எண்ணியிருந்த நாள்கள் அவை. அளவுக்கோலும் வரைபலகையும் ஏந்தும் தொழிலை விரும்பி மேற்கொண்டோர் சிலராகவே இருந்தனர். விமலசுரேந்திர அத்தொழிலையே தெரிந்து, அரசாங்கப் பொதுவேலைத் திணைக்களத்திற் சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று மின்பொறியியலிலும் தேர்ச்சி எய்தினார். உயர் பதவிகள் யாவும் ஆங்கிலேயர் கையில் இருந்த அத்திணைக்களத்திலே, சுதேசி ஒருவர் படிப்படியாக ஏறி வருதல் எளிதன்று, அவர் ஏறினார்.

மலைநாட்டிற் கண்ட புதையல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைநாட்டிலே பொன் கிடைக்குமா என்று ஆராயும் பணி அவர்க்கு வாய்த்தது. கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என்னும் இரண்டு ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் அவர் அலைந்து திரிந்தார். தோண்டியெடுத்துப் பயன்கொள்ளத்தக்க அளவிற் பொன் அகப்படவில்லை. ஆயின் லக்சபான அருவியும் அபர்டீன் அருவியும் அவர் கண்ணிற் பட்டன. சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த உயர்நிலங்களிலே பெய்யும் மழையெல்லாம் இவ்விரண்டு ஆறுகளிலும் திரண்டு, குறுகிய தூரத்திற்குள் ஆயிரக்கணக்கான அடி தாழ்ந்து விழுவதை அவர் கண்டார். தேடிய பொன்னினும் பெரிய செல்வம் அதுவென்பது அவருக்குத் தெளிவாயிற்று.

இங்கே ஓர் ஒப்புமை கருதத்தக்கது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே பொன் தோண்டும் சுரங்கங்கள் மிகுந்த பகுதியில் லெஸ்டர் பெல்ற்றன் என்னும் தச்சுத்தொழிலாளர் ஒருவர் வாழ்ந்தார். சுரங்கப் பொறிகளை இயக்குவதற்கு நல்ல நீர்ச்சில்லு ஒன்று வேண்டும் என்று முயன்று, விளிம்பைச் சுற்றி இரட்டைக் கிண்ணங்கள் பொருத்திய சில்லொன்றை அவர் ஆக்கினார். 1880இல் அதற்கு உரிமைப்பத்திரமும் பெற்றார். உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கும் நீர், குறுகிய வாயினூடாகப் பீறிட்டுக் கிண்ணங்களின் நடுவரம்பில் மோதி, இருபாலும் பிரிந்து திரும்பும்போது தன் வேகத்தையெல்லாம் சில்லுக்குக் கொடுத்துவிட்டுத் துவண்டு விழும். பொன் வேட்கையாற் பிறந்த அச்சில்லே, பொன் தேடிச் சென்ற நம் பெரியாரின் எண்ணம் நிறைவேறுதற்குக் கருவியாயிற்று. லக்சபானவிலே பிற்காலத்தில் அமைந்தவை பெல்ற்றன் சில்லுகளே.

நீராற் சுழலும் பொறிகள்

அவர் கண்ட கனவை உள்ளவாறு உணர்தற்கு, நீராற் சுழலும் பொறிகளைப்பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். ஒரு கன மீற்றர் நீரின் எடை ஆயிரம் கிலோகிராம். அது நொடிக்கு ஒருமுறை ஒரு மீற்றர் உயரம் விழுமாயின் 9.8 கிலோவாற்று வலு உண்டாகும். அதே நீர் 450 மீற்றர் விழுமாயின் 4,400 கிலோவாற்றுக்கு மேலாகும். குதிரை வலுவிற் கூறின் ஏறத்தாழ 5,900. ஆகவே நீர் குறைவாயினும் வீழ்ச்சி உயர்ந்ததாயின் வலு பெருகும். வீழ்ச்சி தாழ்ந்ததாயினும் நீர் மிகுதியாயின் அவ்வாறே பெருகும்.

இவ்விரு நிலைகளுக்கும் வெவ்வேறு பொறிகள் உரியன. உயர்ந்த வீழ்ச்சிக்குப் பெல்ற்றன் சில்லு. இடைத்தர வீழ்ச்சிக்கு, 1849ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் பிரான்சிஸ் என்பார் திருத்தி அமைத்த சுழலி; இதிலே சில்லு முழுவதும் நீருள் மூழ்கியிருக்க, நீர் பக்கத்திலிருந்து உட்புகுந்து அச்சின் வழியே வெளியேறும். தாழ்ந்து அகன்று ஓடும் பேராறுகளுக்கு, 1913இல் விக்டர் கப்பிளான் கண்ட, கப்பலின் உந்துசில்லுப் போன்ற சுழலி. பழைய மரச் சில்லுகள் நீரின் ஆற்றலிற் பெரும்பகுதியை வீணாக்கின. இங்கிலாந்திலே வில்லியம் ஆம்ஸ்ட்ரோங் என்பார் தூண்டில் இடச் சென்ற இடத்தில் அத்தகைய சில்லொன்றைக் கண்டு, மலையிலிருந்து இறங்கும் நீரின் ஆற்றலில் மிகச் சிறு பங்கே பயன்படுவதை எண்ணி, சட்டத்தொழிலை விட்டுப் பொறித்தொழிலை மேற்கொண்டார் என்பது வரலாறு. அவர் ஆக்கிய நீரமுக்கப் பாரந்தூக்கிகள் துறைமுகங்களின் தொழில்முறையையே மாற்றின.

பிற்காலத்தார் நீருக்குப் பதிலாக எண்ணெயை மூடிய குழாய்களில் அமுக்கத்துடன் செலுத்தி, அதே கொள்கையிற் சிறிய மோட்டர்களைச் செய்தனர். பற்சில்லு மோட்டர், தகட்டு மோட்டர், முசல மோட்டர் என அவை முத்திறத்தன. செல்லும் எண்ணெயின் அளவு வேகத்தைத் தீர்மானிக்கும். அமுக்கம் திருகுவலியைத் தீர்மானிக்கும். பற்சில்லு மோட்டர் எளியது, விலை குறைந்தது. தகட்டு மோட்டர் ஓசையின்றிச் சீராய்ச் சுழல்வது. முசல மோட்டர் மிகுந்த அமுக்கத்தைத் தாங்கிப் பெரும்பாரத்தை மெல்லத் திருப்புவது. மண் அகழும் இயந்திரம் தன் சங்கிலித் தடத்தில் ஊர்வதும், மீன்பிடிக் கப்பல் வலையை இழுப்பதும், பேலியகொடையின் கண்டி வீதியிலே நாள்தோறும் செல்லும் கொங்கிறீற்று லொறியின் வயிறு இடையறாது சுழல்வதும் இம்மோட்டர்களாலேயே. 2021இல் திறக்கப்பெற்ற புதிய களனிப் பாலத்தை எழுப்பிய நாள்களில் இவ்வகை இயந்திரங்களை ஆற்றங்கரையிலே கூட்டமாகக் கண்டோம். அருவியின்கீழ்ச் சுழலும் பெருஞ்சில்லும் லொறியின் பின்னே ஒளிந்திருக்கும் சிறு மோட்டரும் ஒரு குடிப் பிறந்தன. பாய்பொருள் அளிக்கும் ஆற்றலைச் சுழற்சியாக்குவதே இரண்டின் தொழிலும்.

மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் சில நீர்ச்சில்லுகளையும் சிறு சுழலிகளையும் முன்னரே பயன்படுத்தி வந்தன. ஓடையொன்றை வாய்க்காலில் திருப்பிக் கொழுந்து அரைக்கும் பொறியை ஓட்டுவது துரைமார் அறிந்த செய்தியே. ஒரு தோட்டத்திற்கு ஆவது நாடு முழுமைக்கும் ஆகும் என்று எண்ணியதே விமலசுரேந்திரவின் தனிச்சிறப்பு.

முயற்சியும் முட்டுக்கட்டையும்

எண்ணியதை அவர் சிறிய அளவிற் செய்துகாட்டினார். நானுஓயாவிற்கும் நுவரெலியாவிற்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில், 1912ஆம் ஆண்டு, ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளியூட்டினார். கொழும்பிலோ அப்போது மின்சாரம் நீராவிப் பொறிகளால் உண்டாக்கப்பட்டது. கிராண்ட்பாஸ்வரை ஓடிய டிராம் வண்டிகளும், கோட்டையிலுள்ள வணிகமனைகளின் விளக்குகளும் கடல்கடந்து வந்த எரிபொருளையே நம்பியிருந்தன. தன்னகத்தே பேராற்றலை வைத்துக்கொண்டு, நாடு பிறநாட்டு நிலக்கரியை விலைகொடுத்து வாங்கியது.

1918ஆம் ஆண்டு, இலங்கைப் பொறியியற் சங்கத்தார்முன் அவர் ஓர் ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். இலங்கையில் நீர்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் என்பதே அதன் பொருள். தலைப்பை நோக்குக. அருவியின் பெருமையைப் பாடவோ அரசை இரக்கவோ அவர் முற்படவில்லை. செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு என்று ஆட்சியாளர்க்கு விளங்கும் மொழியிலே பேசினார். மஸ்கெலியா, கெஹெல்கமு ஓயாக்களின் நீரை அணையிட்டுத் தேக்கிக் குழாய்வழி இறக்கி, நாட்டின் தொழிலுக்கும் வீட்டுக்கும் வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்று காட்டினார். போர் முடிந்த அவ்வாண்டிலே எரிபொருளின் அருமையை யாவரும் உணர்ந்திருந்தனர். எனினும் அவ்வுரை விளைக்க வேண்டிய செயல் உடனே விளையவில்லை.

1924இல் லக்சபானத் திட்ட வேலைகள் தொடங்கின. சில ஆண்டுகள் கழிவதற்குள் பணமுடையைக் காரணங்காட்டி அவை நிறுத்தப்பெற்றன. 1927இல் அரசாங்க மின்சாரத் திணைக்களம் தனியே அமைந்தபோது விமலசுரேந்திர அதன் பிரதிப் பணிப்பாளர் நிலைவரை உயர்ந்தார். தலைமை அவருக்குக் கிட்டவில்லை. தாம் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய திட்டம் பாதியிலே நிற்க, அவர் அரசாங்க சேவையினின்றும் ஓய்வு பெற்றார்.

சபையேறிய பொறியியலாளர்

பதவி நீங்கியதும் வாளாவிருந்திருக்கலாம். ஓய்வூதியமும் நன்மதிப்பும் இருந்தன. அவரோ வேறொரு வழியை நாடினார். 1931ஆம் ஆண்டு, டொனமூர் அரசியலமைப்பின்கீழ், வயதுவந்த ஆடவர் மகளிர் யாவர்க்கும் வாக்குரிமை கொடுத்து முதல் தேர்தல் நடைபெற்றது. அத்தேர்தலில் இரத்தினபுரித் தொகுதியில் நின்று வென்று, அரசாங்க சபையில் அமர்ந்தார். அலுவலகக் கோப்புகளில் அடக்கப்பட்ட திட்டத்தை மக்கள் மன்றத்திலே எழுப்புதல் வேண்டும் என்பதே அவர் கருத்து. 1935இல் அச்சபை கலையும்வரை அவர் உறுப்பினராயிருந்து அதனையே வலியுறுத்தினார்.

அரசியலைச் செல்வாக்குக்கு ஏணியாகக் கொள்வோரை நாம் மிகுதியாகக் கண்டிருக்கிறோம். ஒரு பொறியியலாளர் தம் கணக்கு மெய்யென்று நாட்டுதற்காகவே வாக்குக் கேட்டுச் சென்றார் என்பது என் உள்ளத்தைக் கவர்ந்த செய்தி. அவர் வாழ்வில் மிகச் சிறந்த பகுதி இதுவெனவே நான் மதிக்கின்றேன்.

நிறைவேறிய கனவு

விதைத்தவர் ஓய்ந்தாலும் விதை முளைத்தது. 1936இல் போக்குவரத்து மராமத்து மந்திரியான ஜோன் கொத்தலாவல இத்திட்டத்தில் ஊக்கங்கொண்டார். 1938இல் வேலைகள் மீண்டும் தொடங்கின. இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. இயந்திரங்கள் வரத் தாழ்த்தன. இறுதியில் நோர்ட்டன் பிரிட்ஜிலே அணை எழுந்தது; நீர் 450 மீற்றரளவு உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கியது; 1950ஆம் ஆண்டு லக்சபானவின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. மூன்று பொறிகள், மொத்தம் 25 மெகாவாற்று. நொடிக்கு ஏழு கன மீற்றரளவு நீர் அந்த ஆற்றலுக்குப் போதும். ஆய்வுரை படித்த ஆண்டினின்றும் எண்ணினால், இடையே கழிந்தவை முப்பத்திரண்டு ஆண்டுகள். அவ்வாண்டுகளில் எரித்த கரியையும் எண்ணெயையும், பிறக்காது போன தொழிற்சாலைகளையும் கணக்கிட்டவர் யார்?

தம் கனவு நனவானதைக் காணும் பேறு அப்பெரியாருக்கு வாய்த்தது. ஆயின் நெடுங்காலம் கண்டிருக்க வாய்க்கவில்லை. 1953ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 10ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதிலே அவர் மறைந்தார்.

அவர் காட்டிய வழியிலே பிற நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1958இல் லக்சபானவின் இரண்டாங் கட்டம், 1965இல் காசல்ரீ நீரைக் கொண்டு இயங்கும், அவர் பெயரையே தாங்கிய விமலசுரேந்திர நிலையம், 50 மெகாவாற்று, 1969இல் பொல்பிட்டிய, 1974இல் தொடக்கத்தில் 100 மெகாவாற்றுக் கொண்ட புதிய லக்சபான, 1983இல் கென்யன். 1975இல் அவர் உருவந் தாங்கிய அஞ்சல்தலை வெளிவந்தது.

இந்நிலையங்களின் அமைப்பை நோக்கின் வியப்பு மிகும். காசல்ரீயில் தேங்கிய நீர் முதலில் விமலசுரேந்திர நிலையத்தைச் சுழற்றி நோர்ட்டனை அடையும். அங்கிருந்து இறங்கிப் பழைய லக்சபானவைச் சுழற்றும். பின்னர்ப் பொல்பிட்டியவைச் சுழற்றும். மவுஸ்ஸாக்கலையில் தேங்கிய நீரும் கென்யன், புதிய லக்சபான, பொல்பிட்டிய என மும்முறை பணிசெய்யும். அதற்குங் கீழே கித்துல்கலையை அடுத்து அண்மையில் அமைந்த புரோட்லண்ட்ஸ் நிலையம் நான்காம் முறையும் அதனை ஏவல்கொள்ளும். இவ்வாறு நான்கு சில்லுகளைச் சுழற்றியபின்னும் நீர் ஒரு துளியும் தேய்வதில்லை. அதே நீரே களனியாகிப் பேலியகொடையைக் கடந்து கடலை அடைகின்றது. எங்கள் ஊரிலே நாம் காணும் அமைதியான ஆறு, மலையிலே நாட்டுக்கு உழைத்துக் களைத்து வரும் ஆறு என்பதை மாணவர் உணர்தல் நன்று.

மறக்கலாகாதவை

நிறைவைச் சொல்லியபின் குறையையும் சொல்லுதல் வரலாறு எழுதுவோன் கடன். 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் ஆழ்ந்தது. கடைவீதியும் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் மூழ்கின. மக்கள் மேட்டுநிலத்தில் அமைந்த புதிய நகருக்குப் பெயர்ந்தனர். கடுங்கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் சிதைவுகள் வெளித்தோன்றுகின்றன. ஊர்மக்கள் அங்கே சென்று வணங்கி மீள்கின்றனர்.

அன்றியும், இந்நிலையங்களைச் சூழ்ந்துள்ளவை தேயிலைத் தோட்டங்கள். அங்கே உழைப்போர் நம் தமிழ் மக்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அவர்களின் கண்முன்னே, இரண்டாண்டு கழித்து லக்சபானவின் பொறிகள் சுழலத் தொடங்கின. மின்கம்பிகள் அவர்தம் லயங்களின் மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன. லயத்து அறைகளிலோ மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் எரிந்தது. அவ்விளக்கொளியிற் படித்து முன்னேறிய ஆசிரியர் பலரை நான் அறிவேன். விமலசுரேந்திர இதற்குப் பொறுப்பாளர் அல்லர். நாட்டு மக்கள் யாவர்க்கும் உரியதென்றே அவர் நீர்வலுவை எண்ணினார். ஆற்றலைப் பெறுதல் பொறியியலாளர் கடமை. அதனை நேர்மையாகப் பகிர்தல் ஆள்வோர் கடமை. முன்னது நிறைவேறிய விரைவில் பின்னது நிறைவேறவில்லை. முன்னதற்கே முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன என்பதை நினைத்தால், பின்னதன் தாழ்வு எத்துணைத்து என்பது விளங்கும்.

நாம் கொள்ளத்தக்கன

தமிழ் கற்பிக்கும் என்போன்றார் பொறிகளைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்குப் புதுமையாய்த் தோன்றலாம். பொறி என்னும் சொல்லே நம் மொழியில் ஐம்புலன்களின் வாயிலையும் குறிக்கும், இயந்திரத்தையும் குறிக்கும், தீத்துளியையும் குறிக்கும். கண்ணாகிய பொறியால் அருவியைக் கண்டு, இயந்திரமாகிய பொறியை அதன்கீழ் நிறுத்தி, அதனின்றும் ஒளியாகிய பொறியை எழுப்பினார் விமலசுரேந்திர. அவர் வரலாற்றைச் சொல்ல இம்மொழிக்கு வளம் போதாதென எவரும் கூறார்.

நம் பள்ளிகளில் இலக்கியம் பயில்வோரும் விஞ்ஞானம் பயில்வோரும் ஒருவர் பொருளை ஒருவர் அறியாது பிரிந்து நிற்கும் நிலை வளர்ந்துள்ளது. சிங்களப் பெரியாரின் வரலாறு தமிழ்ப் பிள்ளைக்கும், தமிழ்ப் பெரியாரின் வரலாறு சிங்களப் பிள்ளைக்கும் எட்டாதிருக்கும் நிலை அதனினும் வருந்தத்தக்கது. ஆசிரியர்கள் ஒரு பாடவேளையை இவர்க்கென ஒதுக்குவாராக. நாட்டுப்படத்தை விரித்துக் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேருமிடத்தைச் சுட்டுக. நீரின் எடையையும் வீழ்ச்சியின் உயரத்தையும் பெருக்கி வலுவைக் கணக்கிடச் சொல்லுக. விடை கரும்பலகையில் எழும்போது, 1918இல் ஒரு மனிதர் தனித்து நின்று எதனைச் சொன்னார் என்பது பிள்ளைகளுக்குத் தானே புலப்படும்.